நாலு கட்டை

காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தரை வரைதான் எனக்கு நேரம். ஒன்பதுக்குச் சரக்கு ரயில் வீட்டுக்குப் பின்னால் போய்விடும். பத்தரைக்கு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். நடுவில் பக்கத்து வீட்டு பூமணி ஆன்டி துணி துவைக்காமல் இருந்தால், கிள்ளானில் அந்த வரிசை வீட்டில் ஒரு பாட்டை முழுதாகப் பதிவு செய்யலாம்.

அது 1986. போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் எனக்கு இரவு ஷிப்ட். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவிலும் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து நம்பரை எழுத வேண்டும். பள்ளியின் கடைசிப் படிப்பான ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் எவனும் வேலை தரவில்லை. காலை ஏழரைக்கு நான் வீடு வரும்போது அக்கா டொரத்தி பெட்டாலிங் ஜெயா பேக்டரிக்குப் போயிருப்பாள். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று ஈப்போவில் அண்ணனோடு இருந்தார். பகல் முழுக்க வீட்டில் நானும் ஒரு கிட்டாரும் ஒரு ரேடியோ கேசட் பெட்டியும்தான்.

கிட்டார் சர்ச் இளைஞர் குழுவில் பழகியது. C, D, G என்று விரல் வைக்கும் இடங்கள் தெரியும். பாகவதர்களும் கச்சேரிக்காரர்களும் பேசும் பாஷை எதுவும் எனக்குத் தெரியாது. சொல்லித் தரவும் ஆள் இல்லை. நானும் தேடிப் போகவில்லை.

கேசட் பெட்டியைச் சுவர் பிளக்கில் மாட்டிப் பதிவு செய்தால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விழும். பேட்டரியில் ஓட்டினால் விழாது. பெரிய பேட்டரியாக நாலு வேண்டும். எங்கள் வீட்டில் பேட்டரி என்று யாரும் சொல்வதில்லை. கட்டை. டார்ச் கட்டை, ரேடியோ கட்டை. கிடங்கில் டார்ச்சுக்கு வாரம் ஒரு முறை புதுக் கட்டை தருவார்கள். பழையதை ஒரு பால் டின்னில் வீசுவார்கள். அந்த டின்னிலிருந்து நான் எடுத்து வருவேன். சமையல்கட்டுத் தகரக் கூரையில் இரண்டு நாள் வெயிலில் போட்டால் செத்த கட்டைக்கும் கொஞ்சம் உயிர் வரும். எங்கள் வரிசையில் எல்லாரும் செய்வதுதான்.

அப்படி உயிர் வந்த நாலு கட்டையைப் போட்டு, மெத்தையை ஜன்னலில் சாய்த்து, அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்து பாடினேன். துணிகள் எதிரொலியைத் தின்னும். காற்று வராது. மூன்றாவது தடவை பாடும்போது கிட்டாரின் முதுகு வேர்வையில் வழுக்கியது.

பாட்டு நானே கட்டியது. நான் வேலை முடிந்து வரும் பஸ்ஸும் பேக்டரிக்குப் பெண்கள் போகும் பஸ்ஸும் கிள்ளான் பாலத்தில் தினமும் ஒன்றை ஒன்று கடக்கும். அவ்வளவுதான் பாட்டு.

‘நீ போற பஸ்ஸும் நான் வர பஸ்ஸும்
பாலத்து மேல பார்த்துக்கிச்சு.’

‘பார்த்துக்கிச்சு’ என்ற இடத்தில் மேலே போய் நிற்க வேண்டும். அங்கேதான் முதல் இரண்டு தடவையும் சறுக்கினேன். மூன்றாவது பிசகவில்லை. இன்னொரு கேசட்டைப் போட்டு உடனே நாலாவதும் பாடினேன். இரண்டையும் அதே பெட்டியில் போட்டுக் கேட்டேன். என் குரல்தான், கிட்டாரும் சரியாகத்தான் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டேன். இன்னொன்றைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கேசட் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பினேன். ‘உள்ளூர்ப் புதுக் குரல்கள் தேவை’ என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். போன் நம்பர் கேட்டிருந்ததால் தெருமுனைச் சீனர் மளிகைக்கடை நம்பரை எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை சீனர் வாசலில் நின்று போன் என்று கத்தினார். ஓடினேன்.

“ஆர், ரபேலோ கதைக்கிறது?”

“ஆமா, அங்கிள்.”

“நான் யோகநாதன், பிரிக்பீல்ட்ஸ். தம்பி, உம்மட கேசட்டை மூண்டு தரம் கேட்டன். நல்ல குரல். மேல போய் நிக்கிற இடத்தில ஒரு ஆட்டம் இல்லை. எங்க பழகினீர்?”

யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. “சர்ச்சில, அங்கிள்.”

“நாங்கள் எட்டுப் பாட்டு செய்யிறம். ஏழுக்கு ஆள் இருக்கு. எட்டாவது உம்மட. எங்கட மியூசிக் ஆள் வேலாயுதம் புதன்கிழமை வாத்தியக்காரரை வச்சு எல்லாப் பாட்டுக்கும் மியூசிக்கை எடுத்துப் போடுவார். சனிக்கிழமை பத்து மணிக்கு நீர் வந்து அதுக்கு மேல பாடினால் சரி. கேசட்டில உம்மட பேர் வரும். ஒண்டு மட்டும் சொல்லும். எத்தினை கட்டை?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரியில் எடுத்தது என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இரைச்சல் இல்லாததை வைத்துக் கண்டுபிடித்திருப்பார், தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் என்று நினைத்தேன்.

“நாலு கட்டை, அங்கிள்.”

“நாலோ?”

“ஆமா. எல்லாம் பழசுதான். ஆனா வெயில்ல வச்சா நல்லா வேலை செய்யும்.”

 அவர் சிரித்தார். “நல்ல பகிடிக்காரன் நீர். சரி, நாலு எண்டு வேலாயுதத்திட்ட சொல்லுறன்.”

மியூசிக் ஆளுக்கு என் கட்டைக் கணக்கு எதற்கு என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் முட்டாள் என்று தெரிந்துவிடும். எனக்கு ஒன்றுதான் வேண்டும். கிள்ளான் கடைத்தெருவில் கேசட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் ஒன்றில் ‘பாடியவர் ரபேல்’ என்று இருக்க வேண்டும். இருபத்துநாலு வயது வரை என் பெயர் அச்சில் வந்தது பரீட்சை முடிவுத் தாளில் மட்டும்தான். அதிலும் பெயருக்குப் பக்கத்தில் வந்தது நல்ல எழுத்து இல்லை.

வியாழக்கிழமை டொரத்திக்கு லீவு. நான் வைத்திருந்த கேசட்டைக் கேட்க வேண்டும் என்றாள்.

“கட்டை செத்துப் போச்சு. கூரையில கிடக்கு,” என்றேன்.

“பிளக்குல மாட்டு. கேட்குறதுக்கு என்னா, இரைஞ்சா இரையட்டும்.”

அவளே மாட்டி அமுக்கினாள்.

வேறு எவனோ பாடினான். மெல்லிய, பளிச்சென்ற குரல். பதினாறு வயதுப் பையன் என்று சொல்லலாம். கிட்டார் பொம்மைக் கிட்டார் மாதிரி டிங்டிங் என்றது. பஸ் இரண்டும் பாலத்தில் அவசர அவசரமாகப் பார்த்துக்கொண்டன.

டொரத்தி என்னைப் பார்த்தாள். “டேய், யாருடா இது?”

“நான்தான்.”

“நீயா? குரல் உடையாத பையன் மாதிரி இருக்கு! மூக்கைப் பிடிச்சுப் பாடினியா?”

அவள் சிரித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கட்டைக்கு அரை உயிர்தான் இருந்தது. மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது பதிவு செய்ததை அதே மெதுவில் போட்டுக் கேட்டேன். வித்தியாசம் தெரியவில்லை. சரியான கரண்டில் போட்டால் டேப் வேகமாக ஓடும், குரல் மேலே ஏறும். யோகநாதன் மூன்று தரம் கேட்டது இந்தப் பையனைத்தான்.

டொரத்தியிடம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“போன் பண்ணிச் சொல்லிடு.”

“சொன்னா வேணாம்பாங்க.”

“சனிக்கிழமை நேர்ல போய் வாயைத் திறந்தா மட்டும்?”

“பழகிக்கிறேன்.”

“ரெண்டு நாள்லயா? நீ என்னா லா, கோழிக்குஞ்சா, கத்திக் கத்திக் குரல் மாறுறதுக்கு?”

கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கிட்டாரில் எந்த இடம் ஒத்து வருகிறது என்று தேடினேன். நான் பாடியது D. கேசட்டில் வருவது கிட்டார் கழுத்தில் அதற்கு ஒன்றரைக் கட்டம் மேலே, இரண்டு கட்டத்துக்கு நடுவில். கம்பிகளைக் கொஞ்சம் முறுக்கினேன். பென்சிலை ரப்பர் பேண்டால் கழுத்தில் கட்டி முதல் கட்டத்தை அடைத்தேன். கிட்டார் ஒத்து வந்தது. தொண்டை வரவில்லை. ‘பார்த்து’ வரை போகும். ‘க்கிச்சு’ என்றதும் கிழியும்.

வியாழன் முழுக்கப் பாடினேன். வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் பாடினேன். பூமணி ஆன்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ரபேல், உடம்புக்கு ஏதும் செய்யுதா ஐயா?”

“இல்ல ஆன்டி. பாட்டு.”

“ஓ,” என்று சொல்லிவிட்டுத் துணியைக் கூட முழுதாகக் காயப்போடாமல் உள்ளே போனாள்.

மத்தியானத்துக்குள் பத்துத் தடவையில் மூன்று தடவை அந்த இடத்தைத் தொட்டேன். கண்ணை இறுக்கி மூடி, தொடையில் நகத்தை அழுத்தினால் தொட முடிந்தது. பத்தில் மூன்று போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டுடியோவில் இரண்டு மூன்று தடவை பாட விடுவார்கள்.

சனிக்கிழமை காலை கிடங்கிலிருந்து கிட்டாரோடு நேராகப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூமாலைக் கடைக்கு மேல் மாடி. படியில் மல்லிகை வாசமும் சிகரெட் வாசமும். ஒரே அறையைக் கண்ணாடி போட்டு இரண்டாகத் தடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது.

யோகநாதன் அறுபது வயது. அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலை வைத்துச் சின்ன ஆளை எதிர்பார்த்திருப்பார். நான் ஐந்தடி பதினொன்று.

“வாரும், வாரும். ஒரு மணிக்கு பஜனைக் குழு வந்திடும். திங்கள் காலமை டேப் கொப்பி அடிக்கப் போகவேணும். கெதியாச் செய்வம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு கீபோர்டு. வாயில் பற்ற வைக்காத சிகரெட்.

“தம்பி, பாட்டு அருமை லா. அங்கிள் பஸ்ஸைப் பேருந்துன்னு மாத்தணும்னாரு. பேருந்துல யாரு அங்கிள் ஏறுறான்னு கேட்டேன். பஸ்ஸாவே விட்டுட்டோம்.”

“தேங்க்ஸ், அண்ணே,” என்றேன்.

மைக் முன்னால் நிறுத்தி ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். கிட்டாரைக் கழுத்தில் போட்டேன். வேலாயுதம் கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கினார். காதுக்குள் தபேலா வந்தது, பிறகு புல்லாங்குழல். என் பாட்டைத்தான் அந்தக் குழல் வாசித்தது. யாரோ ஒருத்தர் நான் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கட்டியதைப் பழகி வாசித்திருக்கிறார் என்பது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. அந்தச் சந்தோஷம் நாலு விநாடி இருக்கும்.

கிட்டாரைத் தட்டினேன். ஒத்து வரவில்லை. குழல் எனக்கு மேலே எங்கேயோ இருந்தது. கேசட்டில் வந்த பையனையும் தாண்டி இருந்தது. கிட்டாரை விட்டுவிட்டுக் குழலைப் பிடிக்கப் பாடினேன். முதல் வரியிலேயே நரம்பு புடைத்தது. ‘பார்த்து’ என்ற இடத்தில் வெறும் காற்று வந்தது.

மியூசிக் நின்றது.

“சளியா, தம்பி?”

“இல்ல, அண்ணே. இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை அதைவிட மோசம். மூன்றாவது தடவை நகத்தைத் தொடையில் அழுத்தி, கண்ணை மூடிக் கத்தினேன். தொண்டையில் ஏதோ பிய்ந்தது. கண்ணைத் திறந்தபோது யோகநாதன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

வேலாயுதம் கதவைத் திறந்து உள்ளே வந்தார். “தம்பி, உனக்கு இது எட்டாது. எட்டாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். நீதானே நாலு கட்டைன்னு சொன்ன?”

“ஆமா, நாலு கட்டைதான். அதனாலதான் அண்ணே இந்தப் பிரச்சினையே.”

“என்னா பிரச்சினை?”

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. “கட்டை பழசு. பழசா இருந்தா டேப் மெதுவா ஓடும். எனக்கு அப்ப தெரியாது.”

“எது பழசு?”

“கட்டை. பேட்டரி. நாலு போட்டு எடுத்தேன்.”

வேலாயுதம் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் கீபோர்டுக்கு இழுத்துப் போனார். ஒரு வெள்ளைக் கட்டையை அமுக்கினார். “இது என்னா?”

“C.”

“இது ஒரு கட்டை.” அடுத்த வெள்ளை. “ரெண்டு கட்டை.” அதற்கடுத்தது. “மூணு.” அதற்கும் அடுத்தது. “நீ F-ன்னு சொல்லுவ பாரு, இது நாலு. எத்தனை கட்டைன்னு பாடுறவனைக் கேட்டா, எங்க நின்னு பாடுறன்னு அர்த்தம். ஆர்மோனியத்துல எத்தனாவது கட்டைன்னு. நீ பேட்டரியை எண்ணிச் சொல்லியிருக்க!”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன் அங்கிள், டேப்பு மூணு கூட எட்டலையேன்னு. ஆளே நாலுன்னு சொல்லுது, உன் டெக்கு மெதுவா ஓடுதுன்னு சொன்னீங்க!”

யோகநாதன் சிரிக்கவில்லை. “தம்பி, அப்ப அந்தக் குரல் ஆற்ற?”

“என்னோடதுதான். வேகமா ஓடுது.”

“எப்ப தெரியும்?”

“வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமை தெரிஞ்சால் வெள்ளிக்கிழமை ஏன் போன் எடுக்கேல்லை?”

 தரையைப் பார்த்தேன். பூட்ஸில் கிடங்குச் சேறு ஒட்டியிருந்தது.

“புதன்கிழமை வாத்தியக்காரர் நாலு பேர். குழல்காரர் பினாங்குக்குப் போயிட்டார். இந்த மியூசிக்கை இனி நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? நீர் ஒரு போன் எடுத்திருந்தால் நான் வேற பாட்டைப் போட்டிருப்பன்.” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அங்கிள், ஒரு தடவை என்னோட இடத்துல பாடிக் காட்டுறேன். கிட்டார் மட்டும். கேட்டுட்டுச் சொல்லுங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. பாடச் சொல்லிக் கையை அசைத்தார்.

பென்சிலைக் கழற்றினேன். கம்பியை இறக்கினேன். இரண்டு நாள் கத்தியதில் குரல் கரகரத்தது. ஆனால் அந்த இடத்துக்குப் போய் நின்றேன். கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. முடித்தபோது வேலாயுதம் சிகரெட்டைப் பற்ற வைத்திருந்தார். உள்ளே புகைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

“பிழை இல்லை,” என்றார் யோகநாதன். நிறுத்தி, “கட்டைக் குரல்,” என்றார்.

“ஐயோ, இன்னொரு கட்டை,” என்றார் வேலாயுதம்.

“நீர் சும்மா இரும்.” யோகநாதன் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உமக்குப் பொய் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இல்லை. நீர் பிசகாமப் பாடுறீர். ஆனால் இந்தக் குரலை வச்சு நான் கேசட் போட்டால் சனம் வாங்காது. வேலை முடிச்சு வந்து களைச்சுப் போன ஆள் மாதிரிக் கிடக்கு. மற்றக் குரல் காதில விழுந்த உடன திரும்பிப் பார்க்க வைக்குது.”

“நான் வேலை முடிச்சுத்தான் வந்திருக்கேன், அங்கிள். பாட்டும் அதைத்தான் சொல்லுது.”

“அது உமக்கும் எனக்கும் தெரியும். கடையில நிக்கிறவனுக்கு என்ன?”

 கீழே பூமாலைக் கடைக்காரர் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் மெஷினைக் காட்டினார். “அங்கிள், இதுல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கு. மியூசிக்கை முழுசா இறக்கிப் போட்டா ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல நிக்கும். தம்பி அங்க பாடிடுவான், இப்பதான் பார்த்தோமே. பாடி முடிச்சதும் திருகைப் பழைய இடத்துக்கு ஏத்திட்டா மியூசிக் நாலுக்கு வந்துடும், இவன் குரலும் கூடவே ஏறிடும். வீட்டுல பேட்டரி செஞ்ச வேலையை நாம மெஷின்ல செய்றோம்.”

யோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்தார். “கேசட் வெளியீட்டுக்கு ஹோல் மேடையில பாடவேணுமே?”

“டேப்பை ஓடவிட்டு வாயசைக்கட்டும். யாரு மைக்கைப் பிடுங்கிப் பார்க்கப் போறா?”

“இல்லாட்டி மற்றப் பாட்டுப் பாடுற சந்திரகலாவைக் கூப்பிடலாம்,” என்றார் யோகநாதன் என்னைப் பார்த்து. “அஞ்சு நிமிசத்தில வந்திடுவா. நாலு, அஞ்சு எல்லாம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. பாட்டு எழுதினது நீர் எண்டு போடுறன். ரெண்டில ஒண்டைச் சொல்லும். பதினொண்டரை ஆகப்போகுது.”

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சந்திரகலா பாடினால் அதில் என் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கும். நான் இருக்க மாட்டேன். அவள் என் பஸ்ஸில் வந்ததில்லை. மெஷினில் பாடினால் ‘பாடியவர் ரபேல்’ என்று கயிற்றில் தொங்கும். எனக்கு வேண்டியது அதேதான். ஆனால் யாராவது ஒருவன் ஒரு கல்யாண வீட்டில் கிட்டாரைக் கொடுத்து, எங்கே அதைப் பாடு என்பான். கட்டாயம் சொல்வான், கிள்ளானில் சொல்லாமல் விட மாட்டார்கள். இரண்டாவது வரியில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அல்லது வாழ்நாள் முழுக்க எங்கேயும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

அந்தப் பெயருக்காகத்தான் இரண்டு நாள் தொண்டையைக் கிழித்தேன். அதற்காகத்தான் போன் பண்ணாமல் ஒளிந்தேன். இப்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் என்னால் பயன்படுத்த முடியாத பொருளாக இருந்தது.

“நான் பாடுறேன்,” என்றேன்.

“நல்லது.”

“பாடினவர்னு என் பேரைப் போடாதீங்க.”

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “பேருக்குத்தானே தம்பி வந்தீர்?”

“ஆமா.”

“பிறகு?”

“கேட்டா நான் நேர்ல பாடணும், அங்கிள். அது என்னால முடியாது. பாட்டு எழுதினது நான், கிட்டார் வாசிச்சது நான். அதைப் போடுங்க. அதை எவன் எங்க கேட்டாலும் செஞ்சு காட்டுவேன்.”

“வெளியீட்டுக்கு?”

“வாயசைக்க மாட்டேன். சந்திரகலாவோட பாட்டுக்கு வேணும்னா கிட்டார் வாசிக்கிறேன்.”

“கேசட்டைக் கேட்டிட்டு ஆர் பாடினது எண்டு சனம் கேட்டால்?”

“ஆளு கிடைக்கலைன்னு சொல்லுங்க.”

வேலாயுதம் மறுபடி சிரித்தார். இந்த முறை சின்னதாக. திருகில் கை வைத்து, “தம்பி, உள்ள போ,” என்றார்.

மியூசிக்கை இறக்கிப் போட்டார். தபேலா தண்ணீருக்குள் தட்டுவது போல் வந்தது. குழல் தொண்டை கட்டின ஆள் மாதிரி இழுத்தது. நான் கம்பிகளை அதற்குத் தக்கபடி ஒரு துளி முறுக்கினேன். முதல் தடவை பாடும்போது அவ்வளவு மெதுவான தாளத்தில் மூச்சு போதவில்லை. வார்த்தைக்கு வார்த்தை இழுபட்டது. இரண்டாவது தடவை ‘பாலத்து மேல’ என்ற இடத்தில் கிட்டார் விரல் நழுவியது. யோகநாதன் கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பன்னிரண்டே கால். படியில் பஜனைக் குழுவில் ஒருவர் சீக்கிரமே வந்து ஜால்ராவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் எழுந்து போய் அவரை அடக்கிவிட்டு வந்தார்.

மூன்றாவது தடவை பாடினேன். அந்த இடம் வந்தது. போய் நின்றேன். மெதுவான மியூசிக்கில் நான் எவ்வளவு நேரம் அங்கே நிற்க வேண்டியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆடவில்லை. கீழே இறங்கி முடித்தேன். கடைசிக் கம்பி அடங்கும் வரை யாரும் அசையவில்லை.

வேலாயுதம் கட்டைவிரலைத் தூக்கினார். ஹெட்போனைக் கழற்றி வெளியே வந்தேன். சட்டை நனைந்திருந்தது.

“ஏத்திப் போடுறேன், கேளு.”

“வேணாம், அண்ணே. வியாழக்கிழமையே கேட்டுட்டேன்.”

அவர் என்னைக் கேட்காமல் போட்டார். அந்தப் பையன் பாடினான். குழலும் தபேலாவும் அவனுக்குப் பொருத்தமாக இருந்தன. பஜனைக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “யாரு பாடுறது? நல்லா இருக்கே!” என்றார். நான் கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். ஜிப் பாதியில் சிக்கியது.

யோகநாதன் மேசையில் அட்டைக்கு எழுதும் தாளை எடுத்து வைத்து, இரண்டு பேனாவில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, எட்டாவது பாட்டுக்கு நேரே எழுதினார். மணி மணியான எழுத்து, அரசாங்கத்தில் பழகியது. பாடல், கிட்டார்: ரபேல். அதற்குக் கீழே பாடியவர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். தாளைத் தூக்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“கோடு பார்க்க வடிவா இல்லை, தம்பி.”

“அப்ப கோட்டையும் எடுத்துடுங்க,” என்றேன்.